தலைகீழ் இலை

அன்றைக்குக் காலை பத்தரை மணிக்கு அச்சுக்காரர் ஆஸ்பத்திரி மருந்துக் கடை ஜன்னலில் வந்து நின்றபோது, அவர் மனைவிக்கு இன்னும் ஆறரை மணி நேரம் இருந்தது. கணக்கு அவருடையதல்ல, டாக்டருடையது. அந்த அம்மாளின் கழுத்துக்குள் இருக்கும் ஒரு சுரப்பி போன வருஷம் வேலையை நிறுத்திவிட்டது. மாதம் ஒரு ஊசி போட்டுக்கொண்டால் பாதகமில்லை. இந்த மாத ஊசி ஏற்கெனவே நாலு நாள் தள்ளிப்போயிருந்தது. மாலை ஐந்துக்குள் போட்டாக வேண்டும், தவறினால் மயக்கம் வரும், அந்த மயக்கத்திலிருந்து எல்லாரும் எழுந்திருப்பதில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

மருந்து இல்லாமல் இல்லை. மருந்துக் கடைக்காரர் குளிர்பெட்டியைத் திறந்து ஒரு குப்பியை எடுத்தே காட்டினார். விரல் உயரத்தில், தெளிந்த தண்ணீர் மாதிரி ஒரு திரவம்.

“இதான் மருந்து. ஆனா குடுக்க முடியாது,” என்றார்.

“ஏங்க?”

“வேர்லேர்ந்து எடுக்கற மருந்து தீர்ந்துபோச்சு. அடுத்த வாரந்தான் வரும். இது ஃபாக்டரில செஞ்சது.”

“ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?”

கடைக்காரர் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணும் கிடையாது. எந்தச் சோதனைல வச்சாலும் ரெண்டும் ஒரே பொருள்தான். இது வேர்லேர்ந்து வரல, அவ்வளவுதான் குத்தம். இயற்கை வாரியம் கடுதாசி குடுத்தா இந்த நிமிஷமே போட்டுடலாம்.”

இயற்கை வாரியம் தோன்றிய கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஜனங்களிடம் எதைக் காட்டி எது வேண்டும் என்று கேட்டாலும் செடியில் விளைந்தது, பூமியில் ஊறியது, மரத்தில் பழுத்தது என்று கை தானாகப் போயிற்று. ஏன் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. மனசு சொல்லுது என்றார்கள். மனசு சொல்வதை மதிக்காமல் இருக்க முடியுமா? அரசாங்கம் அதைக் கேட்டுக் குறித்துக்கொள்ள ஒரு வாரியம் அமைத்து, இருநூற்றுப் பதினாறு பேரை வேலைக்கு வைத்தது. மூன்று மாதமாக, வாரியத்தின் கடிதம் இல்லாமல் செயற்கைப் பொருள் எதுவும் நோயாளியின் உடம்புக்குள் போகக்கூடாது என்று உத்தரவு.

வாரியத்தின் அடையாளம் ஒரு பச்சை இலை. சோப்பு, ஜூஸ், மெத்தை, சுவருக்கு அடிக்கிற பெயின்ட் என்று தங்கள் சரக்கு இயற்கையானது என்று சொல்லிக்கொள்ளும் எந்தக் கம்பெனியும் அந்த இலை ஸ்டிக்கரை ஒட்டும். பிறகு வாரியம் அதைப் பார்த்து ஒப்புக்கொள்ளும். அந்த ஸ்டிக்கரை ஊருக்கெல்லாம் அச்சடித்துக் கொடுப்பவர் வேறு யாருமில்லை, நம் அச்சுக்காரர்தான். பிளாஸ்டிக் சுருளில், பச்சை மையில் துளி மஞ்சள் கலந்து, நாளொன்றுக்கு நாற்பதாயிரம் இலை. ஒன்பது வருஷமாக ஸ்டிக்கர் மெஷினோடு வாழ்கிறவருக்கு அந்த இலையின் மேல் பக்தியும் கிடையாது, பகையும் கிடையாது. இலை என்றால் அவருக்குச் சனிக்கிழமைக்குள் முடிக்க வேண்டிய ஆர்டர்.

புறப்படும் முன் மனைவியைப் பார்க்கப் போனார். தையல் தொழில் அவளுக்கு. துணியைத் தொட்டாலே ஜாதகம் சொல்லிவிடுவாள். படுக்கை விரிப்பின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“சுத்தப் பருத்தின்னு எழுதியிருக்காங்க. பொய். அறுபதுக்கு நாப்பது பாலியஸ்டர்,” என்றாள். குரல் மட்டும் தேய்ந்துபோன டேப் மாதிரி மெதுவாக வந்தது. “எங்க கிளம்பிட்டீங்க?”

“வாரியத்துக்கு. ஒரு கையெழுத்து வேணுமாம்.”

“அவங்களுக்கு இலை அடிச்சுக் குடுக்கறதே நீங்கதானே. ஒரு வார்த்தை சொன்னா போட்டுத் தர மாட்டாங்களா?”

“அவங்களுக்கு என் முதலாளியைத்தான் தெரியும்.”

“எப்பவும் அப்படித்தான். போயிட்டு வாங்க. அஞ்சு மணிக்கு மேல வந்தா நான் பேச மாட்டேன்.”

அவள் கோபித்துக்கொண்டு சொல்வது போலத்தான் சொன்னாள். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

பரிசோதனைக்குக் குப்பியையே கொண்டுவர வேண்டும் என்பது வாரியத்தின் விதி. ஆஸ்பத்திரியில் இருந்ததோ அந்த ஒரே குப்பி. கடைக்காரர் அதை ஐஸ் நிரப்பிய ஃபிளாஸ்கில் வைத்து, இரண்டும் ஒரே பொருள்தான் என்று டாக்டர் எழுதிய சீட்டோடு கொடுத்தார். சூடு ஏறினால் மருந்து வீண், ஐஸ் கரைந்தால் ஈரத்துணியாவது சுற்றிக்கொள்ளுங்கள் என்று மூன்று தடவை சொன்னார்.

வாரியத்தின் கட்டடம் ஏழு மாடி. வாசலில் காவலாளி ஃபிளாஸ்கைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

“இந்த ஐஸ் எங்க உறைஞ்சது?”

“ஆஸ்பத்திரி ஃப்ரிட்ஜ்லங்க.”

“செயற்கைக் குளிருக்கு உள்ள அனுமதி இல்ல. கொட்டிடுங்க.”

“ஐயா, மருந்து கெட்டுடும். ஒரு உயிர் விஷயம்.”

“மலைல உறைஞ்ச பனின்னா விட்டுடுவேன். இது மெஷின் குளிர். நான் என்ன பண்ண?”

ஐஸ் வாசல் படியில் கொட்டப்பட்டது. அச்சுக்காரர் குப்பியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போனார். வரவேற்புக் கூடத்தில் பிளாஸ்டிக் மரங்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் தூரிலும் மண் வாசனை அடிக்கிற மெஷின் இருந்தது. மேலே ஒலிபெருக்கியில் குருவிகள் கத்தின. பின் சுவரில் ஒரு அருவி கொட்டிக்கொண்டிருந்தது. அச்சுக்காரர் ஓடிப்போய்க் கைக்குட்டையை அதில் நனைத்துக் குப்பியைச் சுற்றினார்.

“அருவில கை வைக்காதீங்க சார், மோட்டார் ஷாக் அடிக்குது,” என்றார் டோக்கன் கொடுக்கும் குமாஸ்தா.

டோக்கன் காகிதத்தில் தரப்படுவதில்லை. உலர்ந்த நிஜ இலையில் எண்ணை எழுதித் தந்தார்கள். அச்சுக்காரருக்கு நாற்பத்தொன்று. பெஞ்சில் உட்கார்ந்து அரை மணி நேரம் கைப்பதற்றத்தில் அதைப் பிடித்துக்கொண்டிருந்ததில் நான்கு என்ற இலக்கம் உதிர்ந்துபோய் ஒன்று மட்டும் மிஞ்சியது. இதுவும் நல்லதுக்குத்தான் என்று எண்ணிக்கொண்டு அதை எடுத்துப்போய்க் காட்டினார்.

“ஒண்ணாம் நம்பர் காலைல ஒன்பது மணிக்கே கூப்பிட்டாச்சே,” என்றார் குமாஸ்தா. “நீங்க வரல. புது டோக்கன் வாங்கிக்குங்க.”

புது டோக்கன் ஐம்பத்தெட்டு. அதை அவர் உள்ளங்கையில் கோழிக்குஞ்சைப் போல் ஏந்திக்கொண்டு உட்கார்ந்தார். மணி பன்னிரண்டே கால். கைக்குட்டையை அருவியில் நாலு தடவை நனைத்தார், இரண்டு தடவை ஷாக் அடித்தது. எதிர்ச் சுவரில் ஓர் அறிவிப்பு இருந்தது: ‘போலி இலை ஒட்டுவோருக்கு ஏழாண்டுச் சிறை.’ அவர் அதைப் பதினைந்து இருபது தடவை படித்தார். படிக்க வேறு எதுவும் அங்கே இல்லை.

ஒன்றே முக்காலுக்கு மனு எழுதும் மேஜைக்குக் கூப்பிட்டார்கள்.

“பொருள் எந்த மண்ணில் விளைஞ்சது?”

“விளையலீங்க. ஃபாக்டரில செஞ்சது.”

“மண்: இல்லை. என்ன மழை?”

“மழையும் இல்ல.”

“அறுவடை பண்ணினவர் பேரு?”

“அறுவடையே இல்லீங்க.”

மேஜைக்காரர் பேனாவை வைத்துவிட்டு நிஜமான வருத்தத்தோடு பார்த்தார். “அப்பா அம்மா இல்லாத பிள்ளை மாதிரி இருக்கே சார் இது. இதைப் போய் ஒரு பொம்பளை உடம்புல ஏத்தணும்னு சொல்றீங்க.”

“ஐயா, அவ என் பொண்டாட்டி. அஞ்சு மணிக்குள்ள ஏத்தலேன்னா அவ இருக்க மாட்டா.”

“அவசரம்னு ஒரு கட்டம் இந்தப் படிவத்துல கிடையாது,” என்று சொல்லி, மேஜைக்காரர் படிவத்தை மூன்றாவது மாடிக்கு அனுப்பினார்.

மூன்றாவது மாடியில்தான் உள்ளுணர்வுக் குழு இருந்தது. வாரியத்தின் உயிர்நாடி அதுதான். சோதனைக் குழாய், தராசு, அடுப்பு எதுவும் அந்த அறையில் இல்லை. நீளமான ஒரு மேஜை, அதற்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவர். வலது பக்கம் ஒரு நிபுணர் அம்மாள். இடது பக்கம் ஓர் உறுப்பினர் மோவாயை மார்பில் புதைத்துக்கொண்டு தூங்கினார். பொருளை மேஜைமேல் வைத்ததும் உறுப்பினர்கள் வலது கையை நெஞ்சில் வைத்து, கண்ணைப் பாதி மூடி, மனசு என்ன சொல்கிறது என்று கேட்பார்கள். ஒன்று ‘இனிக்குது’ என்று வரும், இல்லையென்றால் ‘உறுத்துது’ என்று வரும். அன்றைக்கு அதற்கு மேல் முறையீடு கிடையாது.

குப்பி வைக்கப்பட்டது. தலைவர் கையை நெஞ்சுக்குக் கொண்டுபோகும் முன் கேட்டார்: “இது எதுலேர்ந்து வந்தது?”

“அதைச் சொன்னாத்தான் தெரியுமாங்க?” என்று அச்சுக்காரர் வெள்ளந்தியாகக் கேட்டுவிட்டார்.

“சொல்லாம எப்படிய்யா உணர்றது?” என்றார் தலைவர்.

“ஃபாக்டரிங்க.”

இரண்டு கைகள் நெஞ்சுக்குப் போயின. இரண்டு முகங்களும் ஒரே சமயத்தில் சுளித்தன. “உறுத்துது,” என்றார் தலைவர். “ரொம்பவே உறுத்துது,” என்றார் அம்மாள்.

அச்சுக்காரர் டாக்டரின் சீட்டை எடுத்து நீட்டினார். “ஐயா, வேர்லேர்ந்து எடுக்கறதும் இதுவும் ஒரே பொருள்தானாம். டாக்டரே சொன்னாருங்க. எழுதியும் குடுத்திருக்காரு.”

“பொருள்ல என்ன இருக்கு? நாங்க பொருளைப் பார்க்கறதே இல்ல,” என்று தலைவர் நாற்காலியில் நிமிர்ந்தார். பேசுவதற்கு ஓர் ஆள் கிடைத்த சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது. “மனுஷன் பொறக்கறப்பவே இந்த உள்ளுணர்வோட பொறக்கறான். நாக்கை ஏமாத்தலாம், கண்ணை ஏமாத்தலாம், இதை ஏமாத்த முடியாது. இப்பவே காட்டறேன் பாருங்க.”

மணியை அடித்ததும் பியூன் இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் தண்ணீர் கொண்டுவந்தார். ஒன்றில் ‘ஊற்று’ என்றும் மற்றதில் ‘மெஷின்’ என்றும் சீட்டு ஒட்டியிருந்தது. தலைவர் ஊற்றை ஒரு வாய் குடித்துக் கண் சொக்கினார். மெஷினை ஒரு வாய் குடித்துத் தொண்டையைச் செருமினார்.

“ஐயா, ஊத்துக் கேன் நேத்தே காலியாயிடுச்சு,” என்றார் பியூன். “ரெண்டும் மாடித் தொட்டித் தண்ணிதான்.”

தலைவர் அசரவில்லை. “பார்த்தீங்களா? எதை ஊத்துன்னு நம்பினேனோ, கரெக்டா அதுதான் இனிச்சுது. ஒரு தடவைகூடத் தவறினதில்ல.”

நிபுணர் அம்மாள் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

“என்னையே எடுத்துக்குங்க,” என்று தலைவர் சட்டையின் மேல் பொத்தானைத் தட்டினார். “என் நெஞ்சுக்குள்ள ஒரு சின்ன மெஷின் ஓடுது. அது நின்னா நான் நின்னேன். போன வருஷம் வச்சாங்க. நான் முடியவே முடியாதுன்னுட்டேன். உறுத்தல்னா அப்படி ஒரு உறுத்தல். கடைசில அந்த டாக்டர் புத்திசாலி, அது மேல ஒரு இலை ஒட்டிக் கொண்டுவந்து காட்டினாரு. பார்த்ததும் மனசு அடங்கிடுச்சு. இன்னிவரைக்கும் உறுத்தல் இல்ல.”

அச்சுக்காரர் அவர் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டு நின்றார். மணி மூன்று பத்து.

“இதுக்கு மறு பரிசீலனை வர்ற வியாழக்கிழமை,” என்று அம்மாள் குப்பியைத் திருப்பிக் கொடுத்தார். “இலை இருக்கற மருந்துன்னா கீழ ரெண்டாம் கவுன்டர்ல நேரா வந்துடலாம். டோக்கன்கூட வேணாம்.”

அச்சகம் இரண்டு தெரு தள்ளி. அவர் நடக்கவில்லை, ஓடினார். மெஷினுக்குப் பக்கத்தில் கழிவு ஸ்டிக்கர்கள் போடுகிற டிரம்மில் கை விட்டார். நல்ல சுருள்கள் எல்லாம் முதலாளியின் பூட்டிய அலமாரியில் இருந்தன. டிரம்மில் கிடந்தது செவ்வாய்க்கிழமை இலையின் அச்சுத்தகட்டை மட்டும் மாற்றி மாட்டியதில் கெட்டுப்போன சுருள் ஒன்றுதான். அதில் எல்லா இலைகளும் தலைகீழ். காம்பு மேலே, நுனி கீழே. அதற்காக முதலாளியிடம் அரை மணி நேரம் வசவு வாங்கியிருந்தார்.

வேறு வழியில்லை. ஒன்றைக் கிழித்தார். குப்பியைச் சட்டையில் துடைத்துவிட்டு ஒட்டினார். ஸ்டிக்கரைத் திருப்பி ஒட்டலாமே என்றால், இலைக்குக் கீழே வாரியத்தின் பெயர் அச்சாகியிருந்தது. பெயரை நேராக வைத்தால் இலை தலைகீழ், இலையை நேராக வைத்தால் வாரியமே தலைகீழ். வாரியத்தைத் தலைகீழாக்கும் தைரியம் அவருக்கு வரவில்லை. ஏழாண்டு என்ற எழுத்துகள் கண் முன்னால் வந்தன. மனைவியின் குரலும் வந்தது. குப்பியைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரும்பி ஓடினார்.

மூன்று ஐம்பதுக்கு அவர் மறுபடி மூன்றாவது மாடியில் நின்றார். இரண்டாம் கவுன்டர்காரர் இலையின் பச்சையை மட்டும் பார்த்துவிட்டு மேலே அனுப்பிவிட்டார்.

நிபுணர் அம்மாள் புருவத்தை உயர்த்தினார். “இப்ப வந்துட்டுப் போனவர்தானே? அதே பாட்டில் மாதிரி இருக்கே.”

அச்சுக்காரர் இலை தெரிகிற பக்கத்தை முன்னால் திருப்பிக் குப்பியை மேஜைமேல் வைத்தார்.

“பாட்டிலை ஏம்மா பார்க்கறீங்க, இலையைப் பாருங்க,” என்றார் தலைவர். குப்பியைக் கையில் எடுத்தார். கண்ணாடியில் மிச்சமிருந்த ஈரத்தில் ஸ்டிக்கரின் வலது மூலை மெல்லக் கிளம்பத் தொடங்கியது. அச்சுக்காரர் அந்த மூலையைத் தவிர உலகத்தில் வேறு எதையும் பார்க்கவில்லை.

“ஓரம் தூக்குது,” என்றார் அம்மாள்.

“உயிருள்ள இலைன்னா அசையத்தான் செய்யும்,” என்றார் தலைவர்.

அப்போதுதான் இடது பக்கத்து உறுப்பினர் கண் விழித்தார். குப்பியை உற்றுப் பார்த்தார். “இலை தலைகீழா இருக்கு,” என்று தெளிவாகச் சொன்னார்.

தலைவர் குப்பியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். காம்பைப் பார்த்தார், நுனியைப் பார்த்தார். கீழ்க் கூடத்து ஒலிபெருக்கியில் இசைத்தட்டு முடிந்து குருவிகள் நின்று, மறுபடி முதலிலிருந்து கத்த ஆரம்பித்தன. அச்சுக்காரர் விலங்குக்கு அளவு பார்ப்பது போல் தன் மணிக்கட்டுகளை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“நேரா நிக்கற இலை எது?” என்று கேட்டார் தலைவர். “நாம காகிதத்துல வரையற இலை. மரத்துலேர்ந்து தானா உதிர்ற இலை எப்படி வரும்? தலைகீழாத்தான் வரும். இத்தனை வருஷமா நம்ம இலையே செயற்கையா நின்னுட்டிருந்திருக்கு, நமக்குத் தெரியல.” அவர் கண் கலங்கியது. கையை நெஞ்சில் வைத்தார். “இனிக்குது. இந்த மாதிரி இதுவரைக்கும் இனிச்சதில்ல.”

“ஆமாங்க, இனிக்குது,” என்றார் அம்மாள். தூங்கினவருக்கும் இனித்தது. இனித்த கையோடு மறுபடி தூங்கிவிட்டார்.

கடிதம் தயாரானபோது மணி நாலு பத்து. கையெழுத்து பழச்சாற்றில் காய்ச்சிய மையில் போடப்பட்டது. அது காய நாற்பது நிமிஷம் ஆகும், ஃபேன் காற்றில் காய வைக்கக்கூடாது என்றார் குமாஸ்தா. ஜன்னல்களைத் திறக்க முடியாது, ஏசிக்காக மூடி ஒட்டிவிட்டார்கள்.

“வாயால ஊதலாமா?” என்று கேட்டார் அச்சுக்காரர்.

குமாஸ்தா விதிப் புத்தகத்தைப் புரட்டினார். நிதானமாக, பக்கம் பக்கமாகப் புரட்டினார். “வாய்க்காத்துக்குத் தடை இல்ல. ஆனா கலப்படம் இருக்கக்கூடாது. என்ன சாப்பிட்டீங்க?”

“காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலீங்க.”

“அப்ப ஊதலாம்.”

தலை சுற்றும்வரை ஊதினார்.

ஆஸ்பத்திரிப் படி ஏறும்போது ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருந்தது. டாக்டர் கடிதத்தைப் படித்தார். குப்பியைப் பார்த்தார், தலைகீழ் இலையைப் பார்த்தார், கிளம்பி நிற்கும் மூலையை நகத்தால் அழுத்தி ஒட்டினார். ஊசியை எடுத்தார்.

மனைவி கண் மூடிக் கிடந்தாள். அச்சுக்காரர் படுக்கை விரிப்பின் ஓரத்தை எடுத்து அவள் விரல்களுக்கு நடுவில் வைத்தார். “இது என்ன துணி, சொல்லு பார்ப்போம்.”

விரல்கள் அசைந்தன. “துணி,” என்றாள். அவ்வளவுதான். பதினெட்டு வருஷத்தில் அவள் ஒரு துணியை வெறும் துணி என்று சொல்லி அவர் கேட்டதில்லை. ஊசி ஏறி முடிந்த பிறகும் அவர் அந்த விரிப்பின் ஓரத்தை அவள் கையிலிருந்து எடுக்கவில்லை. பயமென்றால் என்ன என்று அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் அவர் கற்றுக்கொண்டார்.

ஆறரைக்கு அவள் விரல்கள் துணியைத் தேய்க்க ஆரம்பித்தன. “அறுபதுக்கு நாப்பது,” என்றாள். “காலைலயே சொன்னேனே. எத்தனை தடவை கேப்பீங்க?”

அவர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதார்.

இதற்குப் பிறகு நடந்தவை வாரியத்தின் ஆண்டறிக்கையில் உள்ளன. உதிர் இலை உயர்தர இயற்கையின் அடையாளமாக அறிவிக்கப்பட்டது. இலையைத் தலைகீழாக அடித்ததற்காகத் திட்டிய முதலாளி, இப்போது தப்பித்தவறி நேராக அடித்தால் திட்டினார். அந்த மருந்துக் கம்பெனி வாரியத்தின் கடிதத்தை ஆதாரமாகக் காட்டித் தன் குப்பிகளுக்கு உதிர் இலை ஒட்ட அனுமதி வாங்கியது. உத்தரவும் தளர்த்தப்பட்டது. ஆஸ்பத்திரியில் இரண்டு வகை மருந்தும் தாராளமாகக் கிடைத்தன: ஃபாக்டரியில் செய்து இலை ஒட்டியது, ஃபாக்டரியில் செய்து இலை ஒட்டாதது.

அடுத்த மாதம் ஊசி நாளன்று அச்சுக்காரர் அதே ஜன்னலில் நின்றார். மருந்துக் கடைக்காரர் அவரைப் பார்த்துச் சிரித்து, குளிர்பெட்டியிலிருந்து ஒரு குப்பியை எடுத்து வைத்தார். அதில் இலை இல்லை.

“இலை ஒட்டினது பக்கத்துக் கட்டடத்துல இருக்கு. போய் எடுத்துட்டு வர அரை மணி ஆகும். உங்களுக்குத் தெரியாததா, ஒரே மெஷின், ஒரே மருந்து. இதையே எடுத்துக்குங்க.”

அச்சுக்காரருக்குத் தெரியும். அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த ஊரில் கிடையாது. அந்த இலைச் சுருளை முந்தாநாள் தன் கையால் அடித்து, எண்ணி, கட்டிக் கொடுத்தவரே அவர்தான். பச்சை கொஞ்சம் தூக்கலாக விழுந்துவிட்டது என்பதுகூட அவருக்கு ஞாபகம் இருந்தது. குப்பியை எடுக்கக் கையை நீட்டினார். கை பாதியில் நின்றது. மேலே வார்டில் அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

“இருக்கட்டுங்க. நான் காத்திருக்கேன்,” என்றார்.

“ஏன் சார், நீங்களே இப்படிச் சொன்னா எப்படி?”

பதில் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தார். நீட்டிய கை திரும்பி வந்து அவருடைய நெஞ்சில் உட்கார்ந்தது. கண் பாதி மூடிக்கொண்டது.

“தெரியலீங்க,” என்றார். “இது கொஞ்சம் உறுத்துது.”